அம்மம்மாவின் சுவருக்கு ஒரு சிக்குக் கோலம்

திருகோணமலையில் எங்கள் வீட்டின் கடற்பக்க அறை அம்மம்மாவுடையது. அந்த அறையின் கிழக்குச் சுவர் 371 சென்ரிமீற்றர் அகலமும் 265 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. ஒவ்வொரு மாரியிலும் வாடைக்காற்று ஈரத்தையும் உப்பையும் கொண்டுவந்து அதில் அப்பிவிட்டுப் போகும். தை பிறக்கும்போது பூச்சு செதில் செதிலாக உரியத் தொடங்கும். இம்முறை மறுபடியும் பூச்சு அடிப்பதற்குப் பதிலாக, ஈரம் தாங்கும் வினைல் சுவர்த்தாள் ஒன்றை ஒட்டலாம் என்று முடிவுசெய்தோம். கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் தாமரைகளும் யானைகளும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவையாகத் தோன்றின. முழங்கால் வலியால் இப்போது நிலத்தில் குந்தியிருந்து கோலம் போட முடியாமல் கட்டிலிலிருந்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பவர் அம்மம்மா. ஆகவே சுவரில் வருவது அவருடைய கையிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன்.

முதலில் எனக்குத் தோன்றியது வேறொன்று என்பதையும் சொல்லவேண்டும். பிரெட்றிக் கோட்டையின் வாயிலில், கல்லில் செதுக்கிய இரட்டைக் கயல்களை இந்த ஊரில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். அழகான, எளிதில் அடுக்கக்கூடிய வடிவம் அது. இரண்டு மீன்களை வளைகோடுகளாக வரைந்தும் முடித்திருந்தேன். ஆனால் போர்த்துக்கீசர் கோணேசர் கோவிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு எழுப்பிய கோட்டையில் பதிந்திருக்கும் சின்னம் அது. இருந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட ஒன்றை நானும் பெயர்த்தெடுத்து, படுக்கையறைச் சுவரில் முந்நூறு முறை அச்சிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் கோப்பை மூடிவிட்டு, அம்மம்மாவின் அலுமாரியிலிருந்த சீ.ஆர். கொப்பியை எடுத்தேன். அதில் பென்சிலால் புள்ளியிட்டு நீலப் பேனையால் இழுத்த சிக்குக் கோலங்கள் பக்கம் பக்கமாக இருந்தன.

சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாது. புள்ளிகளுக்கு இடையே வளைந்து, தன்னையே பலமுறை குறுக்கறுத்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும். அம்மம்மாவுக்கு இதில் ஒரே ஒரு சட்டந்தான் உண்டு. "கோடு எங்க துவங்கினதோ அங்கயே வந்து முடிய வேணும், பிள்ளை. வாசலால வெளிய போன கோடு திரும்பி வராது" என்று சிறுவயதில் எனக்குச் சொல்லித் தந்தார். பொங்கலன்று முற்றத்தில் அவர் போடும் கோலத்தில் எங்கேனும் ஒரு நுனி மூடாமல் கிடந்தால், பானை பொங்கும் நேரம் நெருங்கினாலும் அதை மூடிய பிறகே எழும்புவார்.

சுவர்த்தாளுக்கும் கோலத்துக்கும் உள்ள அடிப்படை முரண்பாடு இங்கேதான் இருக்கிறது. கோலத்துக்கு ஓர் எல்லை உண்டு; அந்த எல்லையில் மோதித் திரும்புவதனால்தான் கோடு மூடுகிறது. சுவர்த்தாளில் திரும்பத் திரும்ப அச்சாகும் வடிவத் துண்டு, அதாவது அலகு, இடமும் வலமும் மேலும் கீழும் முடிவின்றித் தொடரவேண்டும். கொப்பியிலிருந்த ஒரு கோலத்தை எடுத்து வரிசையாக அடுக்கினால், முத்திரை குத்தியதுபோல் தனித்தனிக் கோலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமே தவிர, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. எல்லைகளை எல்லாம் நீக்கிவிட்டாலோ, திரும்புவதற்கு இடமில்லாத கோடுகள் யாவும் மூலைவாட்டில் நேராக ஓடி, கம்பி வலையாகிவிடும். கோலம் பின்னிக்கொள்ளவும் வேண்டும், அதேவேளை ஒவ்வொரு கோடும் மூடவும் வேண்டும். இரண்டு மாத மாலைப்பொழுதுகள் இந்த ஒரு கேள்வியில்தான் கழிந்தன.

கோலத்தைக் கணினிக்குச் சொல்லும் முயற்சி புதியதல்ல. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974 ஆம் ஆண்டிலேயே, கோலங்களை ஒரு மொழியின் வாக்கியங்களைப்போல இலக்கண விதிகளால் ஆக்கிக்காட்டும் ஆய்வை வெளியிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது அதைவிட எளிய வழி. ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சிறிய சதுர அறையாகக் கருதினேன். அறைக்கு நான்கு பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் திறந்திருக்கலாம் அல்லது அடைத்திருக்கலாம். பக்கம் திறந்திருந்தால் அதன் நடுவில் இரண்டு கோடுகள் குறுக்கறுத்து அடுத்த அறைக்குச் செல்லும். அடைத்திருந்தால் கோடு வளைந்து தன் புள்ளியையே சுற்றும். நான்கு பக்கங்களுக்கு 16 நிலைகள் உண்டு என்றாலும், சுழற்றினால் ஒன்றாகிவிடுபவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஆறு வடிவங்கள்தான்: முழு வட்டம், ஒரு பக்கம் கூராகும் துளி, எதிரெதிர்ப் பக்கங்கள் திறந்த கண், அடுத்தடுத்த பக்கங்கள் திறந்த மூலை, மூன்று பக்கம் திறந்தது, நான்கும் திறந்த சாய்சதுரம். அம்மம்மாவின் கொப்பியில் நேர்ப்புள்ளி வைத்து, அதாவது புள்ளிகளை நேருக்கு நேராக அடுக்கி, போட்ட கோலங்களில் நான் எடுத்துப் பார்த்தவை அனைத்தும் இந்த ஆறுக்குள் அடங்கின. பைதன் என்ற கணினி மொழியில் ஒன்றையும் பூச்சியத்தையும் கொண்ட ஒரு பட்டியலாக எழுதிவிடக்கூடிய அளவுக்கு எளிமையான அமைப்பு இது.

எல்லைப் பக்கங்களை மட்டும் அடைத்து உள்ளே அனைத்தையும் திறந்துவிட்டால், ஒரு செவ்வகக் கோலத்தில் எத்தனை தனிக்கோடுகள் வரும் என்பதை வரையாமலே சொல்லிவிடலாம். நீளத்திலும் அகலத்திலும் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கைகளுக்குப் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ, அதுவே கோடுகளின் எண்ணிக்கை. ஐந்துக்கு மூன்று என்றால் ஒரே கோடு. ஆறுக்கு நான்கு என்றால் இரண்டு. மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று. மொசாம்பிக்கில் வாழ்ந்த கணிதவியலாளர் பவுலஸ் கெர்டெஸ், அங்கோலாவின் சொக்வே மக்கள் மணலில் வரையும் சோனா ஓவியங்களை ஆராய்ந்தபோது இந்த உறவை விரிவாக எழுதியதோடு, அவற்றைத் தமிழர் கோலங்களோடும் ஒப்பிட்டிருக்கிறார். புள்ளியிட்டு, அதைச் சுற்றிக் கோடிழுத்து, தொடங்கிய இடத்தில் முடிக்கும் பழக்கம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்று அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

ஒரே கோட்டில் முடியும் கோலத்துக்குத்தான் எங்கள் வீட்டில் மதிப்பு அதிகம். ஆகவே ஐந்துக்கு மூன்று கோலத்தை அலகாக எடுத்து, அதன் வலப்பக்கச் சுவரில் ஒரேயொரு பக்கத்தைத் திறந்து, அடுத்த அலகோடு இணைத்தேன். அந்தத் திறப்புக்கு, அம்மம்மாவின் சொல்லையே எடுத்து, கணினிச் செய்நிரலில் 'வாசல்' என்று பெயரிட்டேன். கோட்டைப் பின்தொடர்ந்து சென்று, அது தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்கும் சிறு பகுதியொன்றையும் எழுதியிருந்தேன். அது எல்லாக் கோடுகளும் மூடிவிட்டன என்றது. நம்பி, ஏ3 தாளில் அச்சிட்டுப் பார்த்தபோது ஒரு கோடும் மூடியிருக்கவில்லை. இடது விளிம்பில் நுழைந்த கோடு வலது விளிம்பில் வெளியேறிக்கொண்டே இருந்தது.

வழு எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் இரவு ஆயிற்று. அலகின் வலது விளிம்பைத் தாண்டும் கோட்டை, வகுத்தல் மீதியைப் பயன்படுத்தி, அதே அலகின் இடது விளிம்புக்குக் கொண்டுவந்திருந்தேன். அப்படிச் செய்தால் எந்தக் கோடும் ஒருநாள் தொடங்கிய இடத்துக்கு வந்தே தீரும். ஆனால் அது அலகில் அதே இடமே தவிர, சுவரில் அதே இடமல்ல. அதன் பிறகு செய்நிரலில் இரண்டு எண்களைச் சேர்த்தேன். கோடு வலப்பக்க வாசலைத் தாண்டினால் முதல் எண்ணில் ஒன்றைக் கூட்டும், இடப்பக்கம் தாண்டினால் ஒன்றைக் கழிக்கும். மேலும் கீழும் செல்வதற்கு இரண்டாவது எண். தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்போது இரண்டும் பூச்சியமாக இருந்தால் மட்டுமே அது சுவரிலும் மூடிய கோடு. இல்லையென்றால் அது வாசலால் வெளியே போன கோடு.

ஒற்றைக் கோட்டுக் கோலம் ஏன் ஓடிவிடுகிறது என்பதைப் பென்சிலால் வரைந்து பார்த்தபோதுதான் விளங்கியது. ஒரே வளையமாக இருக்கும் கோட்டை வலப்பக்க வாசலில் ஓரிடத்திலும் இடப்பக்க வாசலில் ஓரிடத்திலும் வெட்டினால், கிடைக்கும் இரண்டு துண்டுகளும் ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்குப் போவனவாகவே இருக்கும். அவற்றைத் தொடுத்துக்கொண்டே போனால் முடிவே இல்லை. மாறாக, வலப்பக்க வாசலைத் தொடுவது ஒரு கோடாகவும் இடப்பக்க வாசலைத் தொடுவது வேறொரு கோடாகவும் இருந்தால், இந்த அலகின் முதற்கோடும் அடுத்த அலகின் இரண்டாவது கோடும் சேர்ந்து ஒரே வளையமாகி அங்கேயே மூடிவிடும். நாங்கள் மெச்சிக் கொண்டாடிய ஒற்றைக்கோடு சுவருக்கு உதவாது என்பதும், பல கோடுகள் உள்ளதால் சாதாரணமானது என்று கருதிய கோலமே அயலோடு கைகோத்து மூடக்கூடியது என்பதும் நான் எதிர்பாராத முடிவு.

எனவே மூன்றுக்கு மூன்று கோலத்துக்கு வந்தேன். பிள்ளைகள் முதலில் பழகும் கோலம் அது. அதில் மூன்று கோடுகள்: இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு நீண்டு கிடக்கும் ஏறுகோடு, அதற்குக் குறுக்கே கிடக்கும் இறங்குகோடு, நான்கு பக்கங்களின் நடுவையும் தொட்டுச் செல்லும் நடுக்கோடு. கீழ் வரிசையில் வலப்பக்க வாசலைத் திறந்தால், இந்த அலகின் இறங்குகோடு அடுத்த அலகின் ஏறுகோட்டோடு சேர்ந்து மூடுகிறது. பக்கவாட்டுப் பிணைப்பு இவ்வளவு எளிதில் முடிந்தது. மேல்நோக்கிய பிணைப்புத்தான் பல நாட்கள் பிடிவாதம் செய்தது. மேலிருந்து கீழாக நிற்கும் புள்ளி நிரல்கள் மூன்றில், நடு நிரலில் வாசல் திறந்தால் நடுக்கோடு மேலுள்ள நடுக்கோட்டையே பிடித்துக்கொண்டு கூரை வரை ஏறிவிடுகிறது. முதல் நிரலிலோ மூன்றாம் நிரலிலோ திறந்தால் ஏறுகோடும் இறங்குகோடும் மாறிமாறிப் பிடித்துப் படிக்கட்டுபோல் மூலைவாட்டில் ஓடிவிடுகின்றன.

வழி காட்டியது எங்கள் மதில். கல் அடுக்கும்போது மேல்வரிசையின் பொருத்து கீழ்வரிசையின் பொருத்துக்கு நேர்மேலே வராதபடி தள்ளி வைப்பார்கள் அல்லவா? அதேபோல் மேல் வரிசை அலகுகளை ஒரு புள்ளி இடப்பக்கம் தள்ளினேன். இப்போது கீழ் அலகின் முதல் நிரலுக்கு மேலே, மேல் அலகின் நடு நிரல் வந்து நிற்கிறது. அங்கே வாசலைத் திறந்தால், கீழுள்ள இறங்குகோடும் மேலுள்ள நடுக்கோடும் சேர்கின்றன. ஆக, ஓர் அலகின் இறங்குகோடு, அதன் வலப்பக்க அயலின் ஏறுகோடு, அதற்கு மேலே சற்று இடப்பக்கம் தள்ளியிருக்கும் அலகின் நடுக்கோடு ஆகிய மூன்றும் ஒரே வளையமாகி, 36 வளைவுகளில் மூடிவிடுகின்றன. செய்நிரல் இரண்டு பூச்சியங்களையும் திரையில் காட்டியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. சுவர் முழுவதும் இந்த ஒரே வளையத்தின் பிரதிகள்தான் நிறைந்திருக்கும், ஒவ்வொன்றும் மூன்று அலகுகளில் கால்பதித்து, அயலிலுள்ள வளையங்களோடு பின்னிக் கிடக்கும், ஒன்றுகூட ஓடிப்போகாது.

இதற்காக ஒன்றை இழக்க நேர்ந்தது. மூன்றுக்கு மூன்று கோலத்தை எப்படித் திருப்பினாலும், கண்ணாடியில் பார்த்தாலும் அது அப்படியே இருக்கும். தளத்தை நிரப்பும் மீள்வடிவங்களின் சமச்சீர் வகைகள் மொத்தம் 17 தான் என்று 1891 ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் பியோதரவ் நிறுவினார். வாசல்களைத் திறந்து வரிசைகளைத் தள்ளிய பிறகு, என்னுடைய வடிவம் அந்தப் பதினேழில் மிக எளிய வகைக்குள் விழுந்துவிட்டது: நகர்த்தினால் பொருந்தும், திருப்பினாலோ புரட்டினாலோ பொருந்தாது. சமநிலைக்காக அலகின் மேல் புள்ளிவரிசையிலும் ஒரு பக்க வாசலைத் திறந்து பார்த்தேன். உடனே கோடுகள் மீண்டும் ஓடத் தொடங்கின. சமச்சீரா, மூடலா என்று கேட்டால் எனக்கு மூடல்தான் முக்கியம். தூரத்திலிருந்து பார்க்கும்போது வடிவம் மெல்ல ஒருபக்கம் சாய்ந்து நகர்வதுபோல் தோன்றுவதையும் இப்போது விரும்பத் தொடங்கிவிட்டேன்.

வரையும் பகுதி எளிதாகவே முடிந்தது. ஒவ்வொரு அறையிலும் நான்கு வளைகோடுகள். அடைத்த பக்கங்களில், புள்ளி இடைவெளியின் பத்தில் ஒரு பங்கு உள்ளே இழுத்து வளைத்தேன், இல்லாவிட்டால் அயல் அறையின் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். கோப்பு, கோடுகளைக் கோடுகளாகவே சேமிக்கும் எஸ்.வி.ஜி. வடிவில் இருப்பதால் எவ்வளவு பெருப்பித்தாலும் விளிம்பு மழுங்காது. அரிசிமாவின் இயல்பைக் காட்டுவதற்காகக் கோட்டின் தடிப்பில் தற்செயல் நடுக்கத்தைச் சேர்க்கும்படி ஒரு நண்பர் சொன்னார். நான் சேர்க்கவில்லை. விரலிடுக்கிலிருந்து மா விழும் அந்த ஏற்றத்தாழ்வு ஒரு கையின் உழைப்பிலிருந்து வருவது. அதைத் தற்செயல் எண்களால் பாவனை செய்வது அம்மம்மாவின் கைக்குச் செய்யும் மரியாதையாகாது. கோடுகள் மேலும் கீழுமாக நுழைந்து செல்வதாகவும் காட்டவில்லை; மாக்கோலத்தில் எந்தக் கோடும் இன்னொன்றின் அடியில் போவதில்லை. நிறம் இரண்டே: சாணம் மெழுகிக் காய்ந்த நிலத்தின் மங்கிய பழுப்பும், அரிசிமாவின் வெள்ளையும்.

சுவர்த்தாளின் வழக்கமான அகலம் 53 சென்ரிமீற்றர். ஒரு பட்டையில் ஒன்பது புள்ளிகள் என்று வைத்தால் புள்ளிக்குப் புள்ளி 58.9 மில்லிமீற்றர் வரும். எங்கள் சுவருக்கு ஏழு பட்டைகள், அகலத்தில் 63 புள்ளிகள், உயரத்தில் 45. இங்கே பொருத்துகளைப் பற்றி யோசிக்கவேண்டியிருந்தது. வரிசைகளைத் தள்ளியிருந்ததால், நேராக இறங்கும் வெட்டு சில இடங்களில் அலகுகளின் ஓரமாகவும் சில இடங்களில் அவற்றின் ஊடாகவும் சென்றது. ஒன்பது புள்ளி உயரத்துக்கு ஏழு குறுக்குவெட்டுகள் பொருத்தில் அகப்பட்டன. ஒட்டும்போது ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் ஏழும் கண்ணில் குத்தும். அதனால் முழு வடிவத்தையும் புரட்டி, வரிசைகளுக்குப் பதிலாக நிரல்களைத் தள்ளினேன். இப்போது வெட்டு, நிரலின் ஓரத்தால் மட்டுமே இறங்குகிறது. ஏழுக்குப் பதில் மூன்று குறுக்குவெட்டுகள்தான். மூன்று நிரல்களில் தள்ளல் ஒரு சுற்று முடிந்து பழைய நிலைக்கு வருவதால், ஒவ்வொரு பட்டையும் அடுத்ததோடு நேராகவே பொருந்தும்.

அச்சிட்ட முதல் பட்டை எட்டுச் சென்ரிமீற்றர் குட்டையாக வந்தது. அச்சகத்தில், பக்கத்துக்கு ஏற்றவாறு சுருக்கும் தெரிவை அணைக்காமல் விட்டிருந்தார்கள்; மூன்று வீதச் சுருக்கம் இரண்டரை மீற்றருக்கு மேற்பட்ட நீளத்தில் இவ்வளவாகும். இப்படியான வேலைக்குப் போகிறவர்கள் கோப்பிலேயே பத்துச் சென்ரிமீற்றர் அளவுகோல் ஒன்றை வரைந்து கொடுத்து, அச்சான பிறகு அடிமட்டத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டாம் முறை நான் அப்படித்தான் செய்தேன்.

மீதமிருந்தது சுவரின் விளிம்பு. தரையிலும் கூரையிலும் மூலைகளிலும் யன்னலைச் சுற்றியும் கோடுகள் அறுந்து நிற்கும். கடையில் வாங்கும் சுவர்த்தாளில் அதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் இது ஒரேயொரு சுவருக்காக எழுதப்பட்டது. யன்னல் இருக்கும் இடத்தில் 15 புள்ளி அகலத்தையும் 18 புள்ளி உயரத்தையும் பட்டியலிலிருந்து நீக்கி, வெளிப்பக்கங்கள் அனைத்தையும் அடைத்துவிட்டேன். 2565 புள்ளிகளைச் சுற்றிச் செல்லும் கோடுகளில் ஒன்றுகூட விளிம்பில் அறுந்து நிற்பதில்லை. யன்னல் சட்டத்துக்கு வந்ததும் வளைந்து உள்ளே திரும்பிவிடுகிறது. கோடு மூடவேண்டும் என்பதே அம்மம்மாவின் விதி என்பதால், இதில் நான் எந்த விட்டுக்கொடுப்பும் செய்யவில்லை.

பங்குனியில், சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, மாமாவும் நானும் இரண்டு நாட்களில் ஒட்டி முடித்தோம். மூன்றாவது பொருத்தில் இரண்டு மில்லிமீற்றர் இறக்கம் இருக்கிறது. அம்மம்மா கட்டிலில் சாய்ந்தபடி ஒரு வளையத்தைக் கண்ணாலேயே தொடர்ந்து சென்று, "இது மூண்டு கோலத்தைத் தொட்டுப்போட்டு வருதே" என்றார். வாசல்கள் எங்கே என்று கேட்டார், காட்டினேன். மறுநாள் கொப்பியில் அதையே பென்சிலால் போட்டு, தள்ளலையும் சரியாக வைத்து, நான் செய்நிரலில் இரண்டு மாதம் தேடியதைத் தன் கணக்கில் எடுத்துவிட்டிருந்தார்.

பிறகு, இடைப்புள்ளி வைத்த கோலத்துக்கும் இப்படி வருமா என்று கேட்டார். இடைப்புள்ளியில் வரிசைகள் அரைப்புள்ளி விலகி நிற்பதால் ஒவ்வொரு புள்ளிக்கும் அயல்கள் ஆறு, பக்கங்களும் ஆறு. 64 நிலைகள், சுழற்சியில் ஒன்றாகுபவற்றைச் சேர்த்தால் 14 வடிவங்கள். அந்தப் பதினான்கையும் வரைந்து முடித்துவிட்டேன். வாசல்களை எங்கே திறப்பது என்று அம்மம்மா கொப்பியிலும் நான் கணினியிலும் தேடிக்கொண்டிருக்கிறோம்.